திருப்படமும் கையொப்பமும்

தோட்டவெளியில் மாலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்த வேளையில் ஒரு தாய் எம்மை வழிமறித்தார். "சுவாமி, எங்கட வீட்டுக்கு ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. மகன் பிரான்சில இருந்து ஒரு படம் அனுப்பியிருக்கிறான். அதின்ர அடியில ஏதோ இலக்கம் எழுதிக் கிடக்கு. வேத வசனத்தின்ர இலக்கமோ தெரியேல்ல" என்றார்.

போய்ப் பார்த்தோம். சிலுவையடியில் நிற்கும் அன்னை மரியாளின் படம். தற்கால முறையில், குறைந்த கோடுகளில் வரையப்பட்டிருந்தது. தடித்த தாள். படத்தின் கீழே இடப்பக்கம் பென்சிலால் 47/150 என்ற இலக்கம். வலப்பக்கம் ஓவியரின் கையொப்பம். கூடவே, இது உண்மையான வரையறுத்த பதிப்பு என்று கூறும் ஒரு சான்றிதழ்.

மகன் தொலைபேசியில் சொல்லியிருந்தது இதுதான்: "அம்மா, இதைச் சுவரில மாட்ட வேண்டாம். சுத்திப் பெட்டிக்குள்ள வையுங்கோ. விலை ஏறும். தங்கச்சியின்ர கலியாணத்துக்கு உதவும்." இரவு வேலை செய்து சேர்த்த பணத்தில் பல மாதச் சேமிப்பை அவர் இதற்குக் கொடுத்திருந்தார்.

சுவரிலோ பழைய திருஇருதய ஆண்டவர் படம் ஒன்று தொங்கியது. 1990இல் மன்னார்த் தீவிலிருந்து பல குடும்பங்கள் வள்ளங்களில் இராமேஸ்வரத்துக்கு ஓடிய நாட்களில், சேலையில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த படம் அது. கடல் நீர் பட்ட கறை இன்னும் ஒரு மூலையில் இருக்கிறது.

தாய் மூன்று கேள்விகள் கேட்டார். இந்த இலக்கம் என்ன? இதை மந்திரிக்கலாமா? சுவரில் மாட்டுவதா, பெட்டியில் பூட்டுவதா? இவை அந்த ஒரு வீட்டுக்கு மட்டுமான கேள்விகள் அல்ல. வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இத்தகைய படங்கள் "முதலீடு" என்று சொல்லி விற்கப்படுகின்றன. ஆகவே இந்த வாரப் பாடமாக இதனை எடுத்துக்கொள்வோம்.

1. இலக்கத்தின் பொருள்

47/150 என்றால், 150 பிரதிகள் கொண்ட பதிப்பில் இது 47 என்ற இலக்கமிட்ட பிரதி என்பது பொருள். அதற்குமேல் அச்சிடுவதில்லை என்பது ஓவியர் தரும் வாக்கு. இந்த 150க்கு வெளியே, ஓவியர் தமக்கென வைத்துக்கொள்ளும் சில பிரதிகளும் உண்டு. அவற்றில் இலக்கத்துக்குப் பதிலாக ஆங்கிலத்தில் ஏ.பி. என்றோ, பிரெஞ்சில் ஈ.ஏ. என்றோ எழுதுவார்கள். முதலாம் இலக்கம்தான் சிறந்தது என்று எண்ணுவது தவறு. தாள்கள் அச்சிலிருந்து வந்த வரிசையிலேயே இலக்கமிடப்பட வேண்டுமென்ற கட்டாயம் இல்லை.

அச்சடித்த படம் எப்படி அசலாகும் என்று கேட்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும். ஓவியர் தாமே மரப்பலகையைச் செதுக்குகிறார். அல்லது செப்புத் தகட்டில் கீறி அமிலத்தில் அரிக்கவிடுகிறார். அல்லது கல்லின்மேல் கொழுப்பு மையால் வரைகிறார். அல்லது பட்டுத்திரையில் நிறம் புகும் வழியையும் புகாத வழியையும் அமைக்கிறார். அதன்மேல் மை பூசித் தாளில் ஒற்றி எடுத்தால் வருவதே படம். அதற்கு முன்னர் வேறொரு "அசல்" ஓவியம் கிடையாது. ஆகவே 150 தாள்களும் அசலே. பலகையோ தகடோ தேயத் தேயக் கோடுகள் மங்கும். அதனால் எண்ணிக்கையை வரையறுத்து, முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கீறி அதனைப் பயனற்றதாக்குவது வழக்கமாயிற்று.

இன்னொரு வகையும் உண்டு. ஓவியர் வண்ணத்தில் ஒரு படம் தீட்டுகிறார். அதனைப் புகைப்படமெடுத்து, கலண்டர் அச்சிடுவதுபோல் இயந்திரத்தில் அச்சிடுகிறார்கள். பின்னர் அந்தத் தாள்களில் ஓவியர் பென்சிலால் கையொப்பமிடுகிறார். இது கையொப்பமிட்ட நகல். இதுவும் அழகாக இருக்கலாம். இதை விற்பதும் குற்றமன்று. ஆனால் முன்னையதும் இதுவும் ஒன்றல்ல. நகலை நகல் என்று சொல்லி விற்க வேண்டும்.

2. கையொப்பத்தின் வரலாறு

தொடக்கத்தில் படம் செதுக்கியவர்கள் பெயர் எழுதுவது அரிது. ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரில் 1471இல் பிறந்த அல்பிரெக்ட் டியூரர், 1498இல் திருவெளிப்பாடு நூலின் காட்சிகளை மரச்செதுக்குகளாக வெளியிட்டவர். தம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் பிணைத்த குறியொன்றைப் படத்துக்குள்ளேயே பொறித்தார். அவரது அன்னை மரியாள் வாழ்க்கைப் படங்களை மார்க்கன்தோனியோ ரைமொந்தி என்ற இத்தாலியர் செம்பில் வெட்டி, அந்தக் குறியையும் சேர்த்தே வெளியிட்டார். வசாரி என்ற வரலாற்றாசிரியர் எழுதியபடி, டியூரர் வெனிஸ் நகர ஆட்சியாளரிடம் முறையிட, இனி அந்தக் குறியைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. 1511இல் டியூரர் அந்த வரிசையை நூலாக வெளியிட்டபோது, களவாய்ப் படியெடுப்போருக்கு எச்சரிக்கையும் சேர்த்து அச்சிட்டார். மாதாவின் படத்திலேயே களவு நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் 1648ஆம் ஆண்டளவில் ஒரு செப்புத்தகட்டுப் படம் செய்து முடித்தார். மத்தேயு நற்செய்தியின் 19ஆம் அதிகாரம் அதில் ஒரே காட்சியாக விரிகிறது. நடுவே ஆண்டவர், ஒரு பக்கம் அவரிடம் வரும் நோயாளிகள், குழந்தைகளை ஏந்திய தாய்மார், விவாதிக்கும் பரிசேயர், சொத்தை விட முடியாமல் கையில் தலையைத் தாங்கி அமர்ந்திருக்கும் செல்வந்த இளைஞன். ஆனால் உலகம் இந்தப் படத்துக்கு வைத்த பெயர் என்ன? "நூறு கில்டர் படம்". ஒரு பிரதிக்கு நூறு கில்டர் நாணயம் விலை சொல்லப்பட்டதால் அந்தப் பெயர் நிலைத்தது. செல்வத்தைத் துறக்கச் சொல்லும் நற்செய்திக் காட்சிக்கு விலையே பெயராகிவிட்டது! நூறாண்டுக்கு மேல் கழித்துத் தேய்ந்துபோன அத்தகட்டை வாங்கிய பெய்லி என்ற படையதிகாரி, அதைத் திருத்திச் சில பிரதிகள் அச்சிட்டபின் நான்கு துண்டுகளாக வெட்டினார்.

ஓரத்தில் பென்சிலால் கையொப்பமிட்டு எண்ணிக்கையை வரையறுக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பரவியது. அடுத்த நூற்றாண்டில் அதுவே ஏமாற்றுக்கும் வழி திறந்தது. விவிலியக் காட்சிகள் பலவற்றை வரைந்த ஸ்பெயின் நாட்டு ஓவியர் சல்வதோர் தாலி, வெற்றுத் தாள்களில் கையொப்பமிட்டுக் கொடுத்தார். 1974இல் பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகள் மறித்த ஒரு வாகனத்தில், அவர் கையொப்பம் மட்டுமே இருந்த சுமார் 40,000 வெற்றுத் தாள்கள் இருந்தன. அத்தகைய தாளில் பிற்பாடு எவரும் எதையும் அச்சிடலாம். கையொப்பம் உண்மை, படம் அவருடையதன்று. ஆகவே கையொப்பம் ஒன்றே போதிய சான்று ஆகாது.

3. நம் ஆசிய மண்ணில் மூவர்

இந்திய ஓவியர் எம். எஃப். ஹுசைன் (1915–2011) இஸ்லாமியர். அன்னை தெரேசாவைப் பலமுறை வரைந்தவர். அந்தப் படங்கள் பட்டுத்திரை அச்சில், அவருடைய கையொப்பத்தோடும் இலக்கத்தோடும் விற்கப்பட்டன. நீலக் கரையிட்ட வெள்ளைச் சேலை, ஏந்திய கைகள், மடியில் பிள்ளை எல்லாம் உண்டு. முகம் மட்டும் இல்லை. ஹுசைன் கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவர்; அவள் முகம் அவர் நினைவில் இல்லை. அன்னை தெரேசா 2016 செப்டம்பர் 4இல் புனிதையாக உயர்த்தப்பட்டார். ஒரு முஸ்லிம் சகோதரர் தாயன்பைத் தேடி வரைந்த அப்படங்களின் முன்னே நாமும் நின்று செபிக்கலாம். அதற்கு அந்த இலக்கம் உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

வங்காளத்தின் யாமினி ராய் (1887–1972) இந்து சமயத்தவர். ஆண்டவரின் வாழ்க்கையைக் கிராமியப் பாணியில், பெரிய கண்களோடு வரைந்தார். அவர் அச்சுப்படம் செய்யவில்லை. எண்ணிக்கையை வரையறுக்கவும் இல்லை. ஒரே படத்தைக் கையாலேயே திரும்பத் திரும்ப வரைந்து, சாதாரணக் குடும்பமும் வாங்கக்கூடிய விலையில் கொடுத்தார். அவருடைய பட்டறையில் பிறரும் அவருக்கு உதவினர். அருமை காட்டி விலையேற்றும் வழிக்கு இது நேர்மாறான வழி. 1976இல் இந்திய அரசு அவருடைய படைப்புகளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடையுள்ள கலைச் செல்வங்களுள் சேர்த்தது.

யப்பானின் சதாவோ வத்தனாபே (1913–1996) இளவயதில் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர். துணிக்குச் சாயமிடும் அந்நாட்டுப் பழைய முறையில் தாளச்சு வெட்டி, சோயா அவரைப் பாலில் கரைத்த நிறங்களால், கையால் செய்த தாளில் விவிலியக் காட்சிகளையே வாழ்நாள் முழுவதும் அச்சிட்டார். அவருடைய இராப்போசன மேசையில் மீன் இருக்கும். சீடர்கள் யப்பானிய உடையில் இருப்பார்கள். கையொப்பமும் இலக்கமும் இட்ட அவருடைய படங்கள் பெரிய அருங்காட்சியகங்களுக்குப் போயின. அவர் விரும்பியதோ, அவை சாதாரண மக்கள் கூடும் இடங்களில் தொங்க வேண்டும் என்பதே. மீன்பிடித்து வாழும் எமது கரையோர மக்களுக்கு அந்த மேசையின் மீன் அந்நியமாக இராது.

4. திருச்சபையின் போதனை

787இல் கூடிய இரண்டாம் நீசேயப் பொதுச்சங்கம், படத்துக்குச் செய்யும் வணக்கம் அது காட்டும் ஆளையே சேர்கிறது என்று தெளிவுபடுத்தியது. 1563 டிசம்பரில் திரிதெந்தின் பொதுச்சங்கம், படத்துக்குள் தெய்வீக வல்லமை குடியிருப்பதாக நம்பலாகாது என்றது. திருப்படங்களின் உபயோகத்தில் மூடநம்பிக்கையும் இழிவான ஆதாயமும் நீங்க வேண்டும் என்றும் பணித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், திருக்கலையில் வெறும் ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகையே நாட வேண்டும் என்கிறது. எல்லா நாட்டினருடைய, எல்லாக் காலத்தினருடைய கலைக்கும் அது இடம் தருகிறது. ஆகவே தற்காலப் பாணியில் வரைந்த படம் என்பதற்காக ஒன்றைத் தள்ள வேண்டியதில்லை.

இதிலிருந்து தாயின் இரண்டாம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. அந்தப் படத்தை மந்திரிக்கலாம். பத்து ரூபாப் படத்தையும் பத்து இலட்சம் ரூபாப் படத்தையும் குரு ஒரே செபத்தால்தான் மந்திரிக்கிறார். ஆனால் மந்திரித்த படம் என்று சொல்லி விலை கூட்டக் கூடாது. அது, பரிசுத்த ஆவியின் வரத்தைக் காசு கொடுத்து வாங்க முயன்ற சீமோனின் பாவத்துக்கு அண்மையானது (அப். பணி 8). மந்திரித்த செபமாலையை விற்றால் அதனோடு இணைந்த பலன் அற்றுப்போகும் என்ற திருச்சபையின் ஒழுங்கும் இதையே உணர்த்துகிறது.

5. ஏழாம் கட்டளை

இனி வருத்தமான பகுதி. பத்திரிகை வேலை செய்வதால் அச்சுப் புள்ளிகளைப் பார்க்கும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி எமது பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து அன்னை மரியாளின் நீல மேலாடையின்மேல் வைத்தோம். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பூப்போல் வளைந்த சிறு புள்ளிக் கூட்டங்கள் தெரிந்தன. நம் பத்திரிகையின் வண்ண அட்டையிலும் அவையே தெரியும். தாளில் செப்புத்தகடு அழுந்திய பள்ளமும் இல்லை. மரச்செதுக்கின் தடமும் இல்லை. பென்சில் கையொப்பம் கையால் இட்டதுதான். ஆயினும் படம் இயந்திர நகல். சான்றிதழிலோ, ஓவியர் தம் கையாலேயே தகட்டில் வெட்டி அச்சிட்டது என்று எழுதியிருந்தது. (நவீன மைத்தெளிப்பு இயந்திரத்தில் அச்சிட்ட நகல்களில் இத்தகைய புள்ளிக் கூட்டங்கள் தெரியமாட்டா. ஆகவே புள்ளி இல்லாததை மட்டும் வைத்து அசல் என்று முடிவு கட்ட வேண்டாம்.)

தாயிடம் எப்படிச் சொல்வது? சற்றுத் தயங்கினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். பிள்ளையின் இரவு உழைப்பு அந்தத் தாளில் இருந்தது. எனினும் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "மகன் பாவம் சுவாமி. அவனுக்கு நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

அன்றிரவு தொலைபேசியில் பேசினோம். அவர் அதிர்ச்சியடைந்தார், கோபமும் கொண்டார். பின்பு சொன்னார்: "சுவாமி, இஞ்ச எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் நான் வாங்கின விலைக்கே கேக்கிறார். அவருக்கு இந்தப் புள்ளிக் கதை ஒண்டும் தெரியாது. நானும் தெரியாமத்தானே வாங்கினனான்?"

அன்பார்ந்த வாசகர்களே, இந்தப் பாடம் முழுவதும் இந்த இடத்தைத்தான் நோக்கி வந்தது. அவர் தெரியாமல் வாங்கினார். அதில் அவருக்குக் குற்றமில்லை. ஆனால் தெரிந்தபின் அசல் என்று சொல்லி விற்றால், தமக்கு நேர்ந்த அநீதியைத் தாமே இன்னொருவருக்குச் செய்தவராவார். வாங்குபவர் கேட்காவிட்டாலும், விலையைத் தீர்மானிக்கும் குறையை மறைப்பது களவே. பழுதான வள்ளத்துக்கு நிறம் பூசி விற்பவனை நம் துறையில் யாரும் நேர்மையானவன் என்று சொல்வதில்லை. சிலுவையடியில் நிற்கும் அன்னையின் படத்தைக் கொண்டு அதைச் செய்வது எவ்வளவு மோசம்!

அவருக்கு மூன்று வழிகள் சொன்னோம். சான்றிதழைக் காட்டி, விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதற்கு அந்நாட்டுச் சட்டத்தின் உதவியையும் நாடலாம். "இது கையொப்பமிட்ட நகல்" என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்குரிய குறைந்த விலைக்கு விற்கலாம். அல்லது தாயின் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். நான்காவது வழி இல்லை.

இதனை வாங்க எண்ணும் மற்றவர்களுக்கும் ஒரு சொல். வாங்குமுன் கேளுங்கள்: எந்த முறையில் அச்சிட்டது? தகட்டைச் செய்தது யார்? மொத்தம் எத்தனை பிரதிகள்? பதில் எழுத்தில் வேண்டும். விலை ஏறும் என்ற வாக்கை நம்பி ஒரு பெண்பிள்ளையின் கலியாணக் காசைத் தாளில் போடாதீர்கள். திரும்ப வாங்குவோர் இல்லாவிட்டால் விலைச்சீட்டில் எழுதியது வெறும் எழுத்துத்தான்.

6. வீட்டில் வைக்கும் முறை

திருப்படம் பார்த்துச் செபிப்பதற்கே. எனவே மாட்டி வையுங்கள். ஆயினும் எமது தீவின் உப்புக்காற்றும் ஈரமும் தாளுக்குப் பகை. நேர்வெயில் படும் சுவரும், மழையில் ஊறும் சுவரும் ஆகா. கண்ணாடி தாளோடு ஒட்டாதபடி இடையில் அட்டை வைத்துச் சட்டம் போடுங்கள். படத்தின் பின்னே பசையோ ஒட்டுநாடாவோ பூசாதீர்கள். இலக்கமும் கையொப்பமும் உள்ள ஓரத்தைச் சட்டத்துக்கு அளவாக வெட்டிவிடாதீர்கள். மெழுகுதிரிப் புகை படாத தூரத்தில் விளக்கேற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றி, பின்பக்கத்தில் கறையானோ இராமபாணப் பூச்சியோ உண்டா என்று பாருங்கள். கறை பட்ட பழைய திருஇருதயப் படத்துக்கும் இதே கவனிப்பு உரியது. புதியது வந்ததென்று பழையதைக் குப்பையில் போடலாகாது.

முடிவாக, அந்த வீட்டிலிருந்து சற்றுத் தூரத்திலேயே நம் வேதசாட்சிகளின் நினைவைப் போற்றும் ஆலயம் இருக்கிறது. 1544இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்று, யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் உயிரிழந்தவர்கள் அவர்கள். அவர்களின் தொகையை நூற்றுக்கணக்கில் சொல்கிறோம்; அவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. வரிப்பணத்துக்கான நாணயத்தைக் காட்டி, இதிலுள்ள உருவமும் எழுத்தும் யாருடையவை என்று ஆண்டவர் கேட்டார். நாம் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள். திருமுழுக்கில் அழியாத முத்திரை பெற்றவர்கள். தோட்டவெளி மக்கள் அந்த முத்திரைக்காக எதை விட்டார்கள் என்பதை நாம் அறிவோம். நம்மிடம் கேட்கப்படுவது அதிகமில்லை: ஒரு படத்தை விற்கும்போது உண்மை சொல்வதுதான்.

ஒரு கிழமை கழித்து அந்த மகன் மீண்டும் அழைத்தார். கேட்டவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாராம். அவர் வேண்டாம் என்றாராம். பணத்தைத் திருப்பித் தரும்படி விற்றவருக்கு எழுதியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை அன்னையின் படம் தோட்டவெளி வீட்டுச் சுவரில், திருஇருதயப் படத்துக்கு அருகில் தொங்குகிறது. அவ்வீட்டுப் பெண்பிள்ளையின் கலியாணத்துக்காக உங்கள் குடும்பச் செபத்தில் ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லுங்கள்.

குடும்பத்தில் கலந்து பேசுவதற்கு:

1. நம் வீட்டிலுள்ள திருப்படங்கள் எவ்வாறு வந்தன? அவற்றின் கதையைப் பிள்ளைகள் அறிவார்களா?

2. நாம் ஏமாந்து வாங்கிய பொருளை, குறையைச் சொல்லாமல் பிறருக்கு விற்றதுண்டா? அதற்கு இப்போது என்ன ஈடு செய்யலாம்?

3. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பணத்தை ஒன்றில் போடுமுன் வீட்டாரோடு கலந்து பேச நாம் இடமளிக்கிறோமா?

4. மத்தேயு 19ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். ரெம்பிராண்டின் படத்தில் நின்றவர்களுள் நாம் யாருக்கு அருகில் நிற்கிறோம்?